பண்டிகைச் சமையலும் பாத்திரப் பொருத்தமும்

பொங்கல் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் நடக்கும் ஆலோசனைகளுக்குக் கணக்கில்லை. எந்தக் கடையில் வெல்லம் நல்லது, பச்சரிசி புதிதா பழையதா, கரும்பு ஜோடி என்ன விலை, சம்பந்தி வீட்டார் எந்த வண்டியில் வருகிறார்கள் என்பனவெல்லாம் ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே பேசித் தீர்க்கப்படுகின்றன. இவ்வளவையும் எதில் போட்டுச் சமைப்பது என்ற கேள்வி மட்டும் பண்டிகைக்கு முதல் நாள் இரவு வரையில் எவர் மனத்திலும் எழுவதில்லை. பரண்மேல் இருக்கும் அண்டாவை அப்போதுதான் இறக்குகிறோம். அதன் உள்ளே பூசிய ஈயம் பாதி போய்விட்டது தெரிகிறது. வாடகைக் கடைக்கு ஆள் ஓடுகிறான். அங்கே மிச்சமிருப்பது நசுங்கிய அலுமினியத் தேக்சா ஒன்றுதான். அதிலேயே சாம்பாரும் கொதித்து, அதிலேயே மறுநாள் காலை வரையில் தங்கியும் விடுகிறது.

அரிசி கெட்டது, பருப்பு வேகவில்லை, பாயசம் அடிப்பிடித்தது என்று பிறகு நாம் குறைப்படும் சங்கதிகளில் பாதிக்குமேல் பாத்திரத்தால் வந்தவையே. சுவை கெடுவதோடு நிற்குமானால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. உண்டவர் உடம்பையும் சில பாத்திரங்கள் கெடுக்கின்றன. அதிலும் குழந்தைகளை அதிகமாகக் கெடுக்கின்றன. ஆகையால் இவ்வருஷம் கொஞ்சம் முன்னதாகவே பரணைப் பார்த்துவிடுவது நல்லது.

இரண்டு விதமான அடுப்பு

2019-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 26-ஆம் தேதி விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லாவாகிய நமது கள்ளக்குறிச்சியில், பாத்திர ஆராய்ச்சிக்கு வேண்டிய சௌகரியங்கள் யாவும் உண்டு. கிழக்கே நெல்லும் கரும்பும் விளையும் சமவெளி. மேற்கே கல்வராயன் மலை. கோமுகியும் மணிமுக்தாவும் அம்மலையில்தான் பிறக்கின்றன. மலையில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரு பகுதிகள். சின்னது ஏறக்குறைய 2,700 அடி உயரம். பெரியது 4,000 அடியை எட்டுகிறது. அங்கு வாழும் மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. அவர்கள் பேசுவது தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழக்கு.

கீழே பண்டிகை என்றால் பச்சரிசிப் பொங்கல், வடை, பாயசம். மேலே சாமையும் தினையும் கேழ்வரகும் நெடுங்காலமாக உணவு. இப்போது மரவள்ளியும் மிகுதியாகப் பயிராகிறது. தானியம் வேறு, உயரம் வேறு, அடுப்பும் வேறு. ஆகவே ஊருக்கெல்லாம் ஒரே பாத்திரம் என்று விதி செய்வதற்கில்லை. இன்ன பண்டத்துக்கு இன்ன பாத்திரம் ஏன் பொருந்துகிறது என்று தெரிந்துகொண்டால், அவரவர் வீட்டுக்கு வேண்டியதை அவரவரே தீர்மானித்துவிடலாம்.

முதலில் இலையை எண்ணுங்கள்

பாத்திரம் எதனால் ஆனது என்பதற்கு முன்னால், எவ்வளவு பெரியது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். நாற்பது இலை விழும் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகளும் பெரியவர்களுமாகச் சேர்ந்த கூட்டத்துக்கு இலை ஒன்றுக்கு 100 முதல் 125 கிராம் அரிசி போதும். ஐந்து கிலோ அரிசி என்று ஆயிற்று. கஞ்சி வடிக்கும் முறையில் இதற்கு 25 முதல் 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். பொங்கி எழும்பக் கால் பாகம் இடம் விட வேண்டும். ஆகவே மொத்தம் 40 லிட்டர் கொள்ளும் அண்டா அவசியமாகிறது.

இங்கேதான் வழக்கமான பிழை நேருகிறது. ‘நாற்பது லிட்டர் அண்டா ஒன்று கொண்டுவா’ என்று சொல்லிவிடுகிறோம். அப்படிச் செய்யாமல் இருபது லிட்டர்ப் பாத்திரம் இரண்டு எடுப்பதே உசிதம். இதற்குக் காரணம் பள்ளிக்கூடத்துக் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்கினால் அது எட்டு மடங்கு கொள்ளும். ஆனால் தீ படுகின்ற அடிப்பாகமோ நான்கு மடங்குதான் பெரிதாகும். அதாவது, அடியின் ஒவ்வோர் அங்குலமும் முன்னைப்போல் இரண்டு பங்கு சுமையைச் சூடாக்க வேண்டியிருக்கிறது. தீயைக் கூட்டினால் அடி தீய்கிறது. கூட்டாவிட்டால் நடு வேகவில்லை. பெரிய அண்டாச் சோறு அடியில் குழைந்தும் மேலே விறைத்தும் இருப்பதன் இரகசியம் இதுவே.

இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. அரிசியும் தண்ணீருமாகச் சேர்ந்து முப்பது கிலோவுக்கு மேல், அண்டாவின் எடை வேறு. கொதிக்கும் அச்சுமையைத் தூக்கிச் சாய்த்துக் கஞ்சி வடிக்கிறவர்கள் பெரும்பாலும் நம் வீட்டுப் பெண்மணிகளே. பண்டிகை நாளில் கஞ்சி கொட்டிக் கால் வெந்த செய்தி எந்த ஊருக்கும் புதிதன்று. இருவர் சிரமமின்றித் தூக்க முடியாத பாத்திரம் நம் வீட்டு அடுப்புக்கு ஏற்றதல்ல என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

மற்றவற்றுக்கும் இதே போலக் கணக்குப் போடலாம். சாம்பார் ஆளுக்கு 200 மில்லி லிட்டர் என்றால் எட்டு லிட்டர். பாத்திரம் பன்னிரண்டு லிட்டர் கொள்ள வேண்டும். ரசம் ஆறு லிட்டருக்கு எட்டு லிட்டர்ப் பாத்திரம் போதும். பாயசம் நான்கு லிட்டர்தான். எனினும் அதற்கு வாயகன்ற, அடி கனத்த பாத்திரம் வேண்டும். ஆழமான பாத்திரத்தில் பாலைச் சுண்டக் காய்ச்சுவது மிகவும் நேரம் பிடிக்கும் வேலை. ஆவி வெளியேறுவது மேற்பரப்பின் வழியாகத்தான் அல்லவா?

பொங்குவதற்கு என்று ஒரு பானை

பாயசத்துக்கு அகன்ற வாய் வேண்டும் என்றோம். பொங்கல் பானைக்கோ இதற்கு நேர்மாறு. பால் பொங்கி வழிவதுதான் அங்கே மங்களம். பால் காயும்போது மேலே ஆடை படிகிறது; அடியிலிருந்து வரும் ஆவிக் குமிழிகள் அந்த ஆடையின்கீழ் நுரையாகத் திரள்கின்றன. வாய் அகன்ற பாத்திரமானால் நுரை பரந்து உடைந்துபோகும். குவிந்த கழுத்துள்ள பானையில் நுரைக்குப் போக வேறு வழியில்லை. மேலே ஏறித்தான் தீர வேண்டும். நம் முன்னோர் பொங்கல் பானைக்குக் கழுத்தைக் குறுக்கி வைத்தது அழகுக்காக மட்டும் அன்று. அதில் மஞ்சள் கொத்தும் இஞ்சியும் கட்ட இடம் கிடைத்தது கூடுதல் லாபம்.

பானையின் அளவுக்குச் சுலபமான கணக்கு ஒன்று உண்டு. போடுகிற அரிசியைப்போல் எட்டு மடங்கு கொள்ளும் பானை வேண்டும். ஒரு கிலோ அரிசி ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் இடம் பிடிக்கும். ஆகவே பத்து லிட்டர்ப் பானை. பருப்பும் வெல்லமும் நெய்யும் பின்னால் வந்து சேரும் என்பதை மறந்து, அரிசியை மட்டும் பார்த்துப் பானை வாங்குகிறவர்கள் பாதிப் பொங்கலை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டு நிற்க நேரிடும்.

மண்பானை சூட்டை மெதுவாக வாங்கி மெதுவாக விடும். செம்பு கடத்தும் உஷ்ணத்தில் நானூற்றில் ஒரு பங்கைத்தான் சுட்ட மண் கடத்துகிறது. ஆகவே அடுப்பில் சிறிது தீ ஏறி இறங்கினாலும் உள்ளேயிருப்பதற்கு அதிர்ச்சியில்லை. இறக்கி வைத்த பிறகும் நெடுநேரம் சூடு நிற்கும். அதே குணம் அதற்கு அபாயமும் ஆகிறது. வெளிப்புறம் சுட்டு உட்புறம் குளிர்ந்திருந்தால் பானை விரிசல் காணும். புதுப் பானையை அடுப்பில் ஏற்றுமுன் ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். பிறகு அரிசி களைந்த நீரையோ கஞ்சியையோ அதில் நிதானமாகக் காய்ச்ச வேண்டும். கஞ்சியின் மா மண்ணின் நுண்துளைகளை அடைத்துக் கசிவை நிறுத்துகிறது. இதைப் பானை பழக்குதல் என்பார்கள். போகிக்கு மூன்று நாள் முன்னதாக வாங்கினால்தான் இதற்கு அவகாசம் இருக்கும்.

வாங்கும்போது விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்த பானை; மொத்தென்று ஒலித்தால் விரிசலோ வேகாக் குறையோ இருக்கலாம். இப்பொழுது சந்தைக்கு வருகிற பானைகளில் சிவப்பும் பச்சையும் மினுமினுப்புமாகச் சாயம் அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சாயத்தில் காரீயம் கலந்திருக்கக் கூடும். பொங்கி வழிகிற பால் அதன்மேல் ஓடி மறுபடி உள்ளே இறங்கவும் கூடும். சாயமற்ற செம்மண் பானையை வாங்கி, மஞ்சளும் அரிசி மாவும் கொண்டு வீட்டுக் குழந்தைகளையே கோலமிடச் சொல்லுங்கள். செலவும் குறைவு, அவர்களுக்கும் சந்தோஷம்.

வெண்கலப் பானை வைத்திருக்கும் வீடுகள் பாக்கியசாலிகள். அது செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகம். கனமாக வார்க்கப்படுவதால் சூடு அடியெங்கும் பரவி நிற்கும், அடிப்பிடிப்பது குறைவு. பொங்கலுக்கும் வெறும் சாதத்துக்கும் அதைப்போல் வேறில்லை. ஆனால் எந்தப் பானையானாலும் ஓர் ஒழுங்கு மாறக்கூடாது. அரிசியும் பருப்பும் நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம் போட வேண்டும். வெல்லப்பாகு முன்னே சேர்ந்துவிட்டால் தானியம் மேற்கொண்டு மிருதுவாவது தடைப்படுகிறது. சாம்பாரில் பருப்பு வேகுமுன் புளி விட்டால் நேரும் கதியும் இதுவே. இக்குற்றத்தைப் பானைமேல் சுமத்துவது நியாயமன்று.

மலை ஏறினால் கொதி இறங்கும்

கல்வராயன் மலையில் சமையல் செய்கிறவர்களுக்குப் பௌதிக சாஸ்திரம் ஒரு தனிச் சோதனை வைத்திருக்கிறது. உயரே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. ஏறக்குறைய ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஒரு டிகிரி குறையும். மூவாயிரம் அடியில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. சமவெளியில் ஒரு மணி நேரத்தில் வேகும் பருப்புக்கு அங்கே ஒன்றேகால் மணி நேரம் வேண்டியிருக்கும். கீழேயிருந்து மலைக்கு மாற்றலாகிப் போகும் உத்தியோகஸ்தர் வீடுகளில், ‘இந்த ஊர்ப் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது’ என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம் பருப்பு அல்ல.

இதற்கு மருந்து அழுத்தக் கலம், அதாவது பிரஷர் குக்கர். 1679-ஆம் வருஷத்திலேயே டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதன் மூல வடிவத்தைச் செய்து காட்டினார். நம் தேசத்தில் 1959-இல் தொழிற்சாலைகள் இதைத் தயாரிக்கத் தொடங்கின. ஆவியை உள்ளேயே அடைத்து வைப்பதால், சமவெளியில் நீரின் சூடு 120 டிகிரி வரை ஏறுகிறது. பண்டிகைக் கூட்டத்துக்கு முழுச் சமையலையும் குக்கரில் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பருப்பையும் கொண்டைக்கடலை, மொச்சை முதலிய கடினமான பயறுகளையும் அதில் வேகவைத்துப் பெரிய பாத்திரத்தில் கொட்டிக்கொண்டால் மேலேயும் கீழேயும் விறகும் நேரமும் மிச்சம். ஒன்றே ஒன்று ஜாக்கிரதை. குக்கரை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக்கூடாது. நுரைத்துப் பெருகும் பருப்பானால் பாதியோடு நிறுத்த வேண்டும். ஆவி போகும் துளையைப் பருப்பின் நுரை அடைத்துக்கொண்டால் விளைவு விபரீதம்.

மலையின் பழைய தானியங்களுக்கோ இவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை. சாமை சிறிய மணி. ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் விட்டால் இருபது நிமிஷத்துக்குள் வெந்துவிடும். ஆனால் அதிலுள்ள கல்லைப் போக்குவதற்கு உள்ளே வரிவரியாகக் கோடிட்ட அரிக்கஞ்சட்டி வேண்டும். வழுவழுப்பான எவர்சில்வர்க் கிண்ணத்தில் எத்தனை முறை அலசினாலும் கல் தங்குவதற்கு இடமில்லை. கேழ்வரகுக் களிக்கு வேறு விதமான பாத்திரம். கிண்டும்போது மாவு கையை இழுக்கும். மெல்லிய பாத்திரமாயின் துடுப்போடு கூடவே சுற்றும். கனத்த பானையைக் கவைக்கோலால் அசையாமல் பிடித்துக்கொண்டு மரத் துடுப்பினால் கிண்டுவதே முறை.

மரவள்ளிக் கிழங்கைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கிழங்கில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் உண்டு. கசப்புக் கிழங்கில் அது அதிகம். தோலை நீக்கித் துண்டுபோட்டு, வாயகன்ற பாத்திரத்தில் ஏராளமான தண்ணீரில், மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மூடி போட்ட குக்கர் இதற்கு ஏற்றதன்று.

மரத் துடுப்பு என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் செதுக்குவதில் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு, ஈயம் பூசிய பாத்திரத்தை இரும்புக் கரண்டியால் சுரண்டிக் கெடுப்பது அநியாயம் அல்லவா? அகப்பையும் துடுப்பும் மரமாயிருந்தால் பாத்திரத்தின் ஆயுள் நீளும்.

புளிக்கும் உலோகத்துக்கும் உள்ள பகை

நமது சமையலில் புளி இல்லாத பண்டிகை இல்லை. புளியும் தயிரும் எலுமிச்சையும் உலோகத்தைக் கரைக்கும் இயல்புடையவை. செம்பிலும் பித்தளையிலும் இவற்றை வைத்தால் பச்சைக் களிம்பு உண்டாகும். அது வயிற்றில் போனால் குமட்டலும் வாந்தியும் வரும். இதைத் தடுப்பதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசும் வழக்கம் ஏற்பட்டது. பூச்சுத் தேய்ந்து பித்தளையின் மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தால், அதில் தண்ணீர் காய்ச்சலாம், புளிக்குழம்பு வைக்கலாகாது.

இரும்புச் சட்டி வடை, அப்பம், முறுக்கு முதலியவை பொரிப்பதற்கு இணையற்றது. கனத்த இரும்பு சூட்டைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. ஒரே சமயத்தில் பத்து வடை போட்டாலும் எண்ணெயின் சூடு சட்டென்று இறங்குவதில்லை. எண்ணெய் ஆறிவிட்டால்தான் பலகாரம் எண்ணெய் குடிக்கும். இரும்பில் புளி சேர்ந்தால் குழம்பு கறுத்து ருசி மாறும். வத்தக்குழம்புக்கும் கீரை மசியலுக்கும் சேலத்துப் பக்கத்து மாக்கல்லில் குடைந்த கல்சட்டி உத்தமம். அதையும் மண்சட்டியைப்போல் பழக்கியே அடுப்பேற்ற வேண்டும்.

அலுமினியத்தின் கதை சுவையானது. 1898-ஆம் வருஷம் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரம் செய்யும் பரீட்சையைத் தொடங்கினார். கனமும் விலையும் குறைந்த அந்த வெள்ளை உலோகம் நாடெங்கும் பரவியது. பின்னர் நமது சேர்வராயன் மலைப் பாக்சைட்டைக் கொண்டே மேட்டூரில் 1965 முதல் அலுமினியம் உருக்கினார்கள். எவர்சில்வரைவிடப் பதினைந்து மடங்கு அதிகமாகச் சூட்டைக் கடத்துவதால் விறகு மிச்சம் என்பது உண்மை. ஆனால் புளியும் உப்பும் சேர்ந்து கொதித்தால் அலுமினியம் சிறிது சிறிதாகக் கரைந்து உணவில் சேருகிறது. உலக சுகாதார ஸ்தாபனமும் உணவு விவசாய ஸ்தாபனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, உடல் எடை கிலோ ஒன்றுக்கு வாரத்தில் 2 மில்லி கிராமுக்கு மேற்படலாகாது என்று 2011-இல் வரம்பு கட்டியது. வெறும் சாதம் வடிக்க அலுமினியத் தேக்சாவை உபயோகிப்பதில் பயமில்லை. சாம்பாரும் ரசமும் புளியோதரைக் காய்ச்சலும் அதில் வேண்டாம். அதிலேயே இரவு முழுதும் வைத்திருப்பது நிச்சயமாக வேண்டாம்.

எவர்சில்வரை 1913-இல் ஷெப்பீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் கண்டுபிடித்தார். துப்பாக்கிக் குழலுக்கு உலோகம் தேடப்போய் அடுக்களைக்கு வரம் கிடைத்தது. 1970-இல் அடிக்கல் நாட்டப்பெற்ற சேலம் உருக்காலை 1981-லிருந்து இந்தத் தகட்டைத் தயாரித்து, எவர்சில்வரை நம் ஊர்ச் சரக்காகவே ஆக்கிவிட்டது. புளியால் இதற்குக் கேடில்லை. ஆனால் சூட்டைக் கடத்துவதில் செம்பில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். தீ படுகிற இடத்தில் மட்டும் காய்ந்து அங்கே அடிப்பிடிக்கும். ஆகவே சாம்பார், ரசத்துக்கு எவர்சில்வர் சிறந்தது. பாயசத்துக்கு அடி கனத்ததாக இருந்தாலன்றி ஏற்றதல்ல.

கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து, ‘ஒட்டவில்லை, ஆகையால் உயர்ந்த ரகம்’ என்று பலர் திருப்தியடைகிறார்கள். இது முழு உண்மையன்று. குரோமியம் 18, நிக்கல் 8 பங்கு சேர்ந்த 304 என்னும் ரகத்தில் காந்தம் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த மலிவான ரகத்திலும் ஒட்டாது. பின்னதோ உப்புப் பட்டால் சீக்கிரம் கறைபடும். காந்தத்தை நம்புவதைவிடப் பாத்திரத்தில் ரகத்தின் எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பார்ப்பது மேல்.

ஈயம் என்ற பெயரில் இருவர்

இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறோம். ஈயச் சொம்பு ரசத்தின் மணத்தை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. அந்த ஈயம் வெள்ளீயம். காரீயம் என்று இன்னொன்று உண்டு, அது நஞ்சு. இரண்டையும் நம் மொழி ஈயம் என்ற ஒரே பெயரால் வழங்கிவிட்டது. வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. இரண்டும் எளிதில் உருகும், எளிதில் கலக்கும். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

காரீயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் தீங்கு செய்கிறது. இவ்வளவு வரையில் பயமில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்குக் கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்ப்பு. புளியும் தக்காளியும் கொதிக்கும் ரசத்தில் அது தாராளமாகக் கரையும். மணமாகவோ கசப்பாகவோ தன்னைக் காட்டிக்கொள்ளாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய பரீட்சை ஒன்று உண்டு. ஆர்க்கிமிடீஸ் கிரீடத்தைச் சோதித்த அதே முறை. வெள்ளீயம் தண்ணீரைப்போல் 7.3 மடங்கு கனம், காரீயம் 11.3 மடங்கு. சொம்பைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். 730 கிராம் என்று வைத்துக்கொள்வோம். விளிம்பு வரை நீர் நிரம்பிய வாளியைத் தாம்பாளத்தில் வைத்து, உள்ளே காற்று தங்காதபடி சொம்பை முழுவதும் அமிழ்த்துங்கள். வழிந்த தண்ணீரை அளந்தால் சுத்த வெள்ளீயமானால் 100 மில்லி லிட்டர் இருக்கும். எடையில் பாதி காரீயமானால் 82 மில்லி லிட்டர்தான் இருக்கும். வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சிலைப்போல் கருங்கோடு விழுவதும் சந்தேகத்துக்கு இடமான அடையாளம். இவை பெருங்கலப்பைத்தான் காட்டிக்கொடுக்கும். சிறு கலப்பை இரசாயன சாலைதான் கண்டறிய முடியும். எங்கிருந்து வந்ததென்று தெரியாத சொம்பை அலமாரியில் அலங்காரமாக வைத்துக்கொண்டு, ரசத்தை எவர்சில்வரில் வைப்பதில் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மணம் பெரும்பாலும் பெருங்காயத்தையும் சீரகத்தையும் சேர்ந்தது.

பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசக் கொடுக்கும்போதும் இதே கவனம் வேண்டும். வெள்ளீயக் கட்டியைக் கண்ணெதிரில் காட்டச் சொல்லிப் பூசச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம்: வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் சில நிமிஷங்களில் சொம்பு இராது. ரசத்தை ஊற்றிய பிறகே தீயில் வைக்க வேண்டும். தாளிப்பதற்கு இரும்புக் கரண்டி தனியாக இருக்கட்டும்.

இலை எடுத்த பிறகு

விருந்து முடிந்ததும் பாத்திரத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் அண்டாவிலேயே மூடிவைப்பது நம் வழக்கம். ஆழமான பாத்திரத்தில் நடுப்பாகம் ஆற வெகு நேரம் செல்லும். வேகவைத்தும் சாகாத சில கிருமி விதைகள் அந்த வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. மறுபடி சூடு பண்ணினாலும் அந்நஞ்சு போவதில்லை. மிச்சத்தை உடனே அகன்ற தாம்பாளங்களில் மெல்லிய படலமாகப் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். இல்லையேல் சோற்றில் தண்ணீர் ஊற்றிப் பழையதாக்கி மறுநாட் காலையிலேயே தீர்த்துவிடலாம். ஆதலின் பண்டிகைக்கு அண்டா தேடும்போதே தாம்பாளத்தையும் சேர்த்துத் தேடுவது புத்திசாலித்தனம்.

முடிவாக, நாற்பது இலைக்கு வேண்டிய சாமான்களைச் சொல்லிவிடுகிறோம். சாதத்துக்கு இருபது லிட்டர் அளவில் இரண்டு. வெண்கலமோ, நல்ல பூச்சுள்ள பித்தளையோ, அலுமினியமோ எதுவானாலும் சரி. பொங்கலுக்குச் சாயமற்ற மண்பானை அல்லது வெண்கலப் பானை ஒன்று. சாம்பாருக்கும் ரசத்துக்கும் எவர்சில்வர் இரண்டு. பருப்புக்குக் குக்கர் ஒன்று. பாயசத்துக்கு அடி கனத்த அகன்ற பாத்திரம் ஒன்று. பொரிப்பதற்குக் கனத்த இருப்புச்சட்டி ஒன்று. மரத் துடுப்பும் அகப்பையும் இரண்டிரண்டு. தாம்பாளம் நான்கு. இவற்றில் பலவும் நம் வீட்டிலேயே இருக்கும். மிச்சத்தைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். வாடகைக் கடைக்குப் பத்து நாள் முன்னதாகப் போகிறவருக்கு நசுங்காத பாத்திரம் கிடைக்கும் என்பதையும் நினைவூட்டுகிறோம். மண்பானையை மட்டும் இரவல் வாங்க வேண்டாம். வருஷத்துக்கு ஒரு நாளாவது குயவர் வீட்டு அடுப்பிலும் பால் பொங்க வேண்டும் அல்லவா?